வாய்க்கால் எந்த வட்டாரத்தில் இருக்கிறது?

பிரதேச சபைத் தேர்தல் நெருங்கினால் யாழ்ப்பாணத்துப் புறநகர் ஊர்களில் கேற்றடியில் துண்டுப்பிரசுரங்கள் விழத் தொடங்கும். எந்தக் கட்சியுடையது, எந்தச் சுயேச்சைக் குழுவுடையது என்றாலும் அவை கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் இருக்கும். முன்பக்கம் வேட்பாளரின் படமும் சின்னமும். பின்பக்கம் ஊருக்குச் செய்யப்போகிற காரியங்கள்: உள்வீதிகள் எல்லாம் கொங்கிறீட், ஒழுங்கைக்கு ஒழுங்கை விளக்கு, வெள்ளம் நிற்காத ஊர், சிறுவர் பூங்கா, சுத்தமான குடிநீர், இளைஞருக்கு வேலை, போதைப்பொருள் இல்லாத கிராமம். நல்ல ஆசைகள். இவற்றில் எது சபையால் முடியும், முடிகிறதும் ஏன் நடக்காமல் போகிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

மாநகர எல்லையைத் தாண்டியதும் வருகிற கொக்குவில், திருநெல்வேலி, கோண்டாவில், இருபாலை, ஆனைக்கோட்டை போன்ற ஊர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். செம்மண் தோட்டங்களும் பனையும் வாழையுமாக இருந்த ஊர்கள். இன்று மாணவர் விடுதி, தனியார் கல்வி நிலையம், மருத்துவ நிலையம், கல்யாண மண்டபம், மாடிக் கடைத்தொகுதி என்று நகரம் அங்கே வந்து குடியேறிவிட்டது. தோட்டக் காணிகள் இரண்டு பரப்பு, மூன்று பரப்பாகத் துண்டாகி விலைபோகின்றன. சனம் கூடியும் நிர்வாகம் பழையபடி பிரதேச சபைதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊர்களுக்கு இன்று முதல் பிரச்சினை மழைத்தண்ணீர். வெள்ளமாக நிற்பதும் அதுதான், கிணற்றுக்குள் இறங்கவேண்டியதும் அதுதான். அதைக் கையாளும் அதிகாரத்தில் பெரும்பகுதி பிரதேச சபையிடம் இருக்கிறது. ஆனால் வட்டாரம் வட்டாரமாக (சபை உறுப்பினரைத் தெரிவுசெய்யும் சிறு தொகுதிதான் வட்டாரம்) நடக்கும் தேர்தலும் வட்டாரம் வட்டாரமாகப் பங்குபோடும் பாதீடும், அதாவது சபையின் வரவுசெலவுத் திட்டமும் சேர்ந்து, வேட்பாளரின் பார்வையைத் தன் ஒழுங்கைகளின் நீளத்துக்குக் குறுக்கிவிடுகின்றன.

முதலில் சபை என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். மூத்தவர்கள் இன்றும் “வி.சி. காலம்” என்று கதைப்பார்கள். அந்தக் கிராம சபைகள் 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தபோது ஒழிந்துபோயின. பிறகு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பிரதேச சபைகள் வந்தன. யாழ். மாவட்டத்தில் இன்று ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், பதின்மூன்று பிரதேச சபைகள், மொத்தம் பதினேழு. சட்டம் பிரதேச சபைக்குக் கொடுத்த வேலையைச் சுருக்கினால் மூன்று: பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள். வாய்க்கால், மதகு, தெருவிளக்கு, குப்பை, சந்தை, மயானம், வாசிகசாலை, முன்பள்ளி, கட்டட அனுமதி எல்லாம் இதற்குள் வந்துவிடும்.

போர்க்காலத்தில் இந்தச் சபைகளுக்குத் தெரிவு நடப்பதே அபூர்வம். 1998 ஜனவரியில் குடாநாட்டில் ஒரு தேர்தல் நடந்தது. பிறகு 2011இல் பெரும்பாலான பிரதேச சபைகளுக்கு, பிறகு 2018 பெப்ரவரியில். அடுத்தது 2023 மார்ச்சில் நடந்திருக்கவேண்டும். காசில்லை என்று தள்ளிப்போட்டார்கள். அது வாக்காளரின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024இல் தீர்ப்புச் சொன்னது. கடைசியில் 2025 மே 6ஆம் திகதி வாக்களிப்பு நடந்து, ஜூனில் சபைகள் கூடின. இடைப்பட்ட இரண்டு வருடத்துக்கு மேலாகச் செயலாளர்தான் சபை. ஒழுங்கையில் விளக்கு எரியவில்லை என்று சொல்லப்போனால் கேட்க ஓர் உறுப்பினர் இல்லாத காலம் அது. மாகாண சபைக்கோ 2013க்குப் பிறகு வடக்கில் தேர்தலே இல்லை. உள்ளூராட்சி என்பது மாகாணத்துக்குப் பாரப்படுத்தப்பட்ட விடயம். ஆகவே பிரதேச சபைக்கு மேலே, மாகாண மட்டத்தில் மக்கள் தெரிவுசெய்த ஒருவரும் இல்லாமல், ஆளுநரும் அதிகாரிகளுமாக நிர்வாகம் ஓடுகிறது. வேட்பாளரின் துண்டுப்பிரசுரத்தைப் படிக்கும்போது இதையும் நினைவில் வைக்கவேண்டும்.

சரி, அந்தத் தாளில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இளைஞருக்கு வேலை கொடுக்க சபையால் முடியாது. ஒரு சாரதியை நிரந்தரமாக நியமிப்பதற்கே மேலிடத்து அனுமதி வேண்டும். போதைப்பொருளைத் தடுப்பது பொலிஸாரின் வேலை. விளையாட்டு மைதானத்தையும் வாசிகசாலையையும் உயிரோடு வைத்திருந்தால் சபை செய்யக்கூடியதைச் செய்துவிட்டது எனலாம். குடிநீர் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பு. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் தாளையடி நிலையம் 2024இல் திறக்கப்பட்டதும் அந்த வழியில்தான். காங்கேசன்துறை வீதியும் பலாலி வீதியும் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. அடுத்த தரத்து வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துடையவை. அவற்றில் ஒரு குழியை மூடுவதென்றாலும் பிரதேச சபை கடிதம்தான் எழுதலாம். இப்படிக் கழித்துக்கொண்டு வந்தால் தாளில் மிஞ்சுவது உள்வீதி, ஒழுங்கை, வாய்க்கால், விளக்கு, குப்பை, குளம், சந்தை, கட்டட அனுமதி. பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு புறநகர் ஊர் இன்னும் இருபது வருடத்தில் வாழத் தக்கதாக இருக்குமா என்பதை இந்த மிச்சம்தான் தீர்மானிக்கும்.

ஓர் ஒழுங்கையைக் கிட்ட நின்று பார்ப்போம். பத்தடி அகலம். முப்பது நாற்பது வருடத்துக்கு முன் இரண்டு பக்கமும் வேலி: கிளுவைக் கதியால், இடையிடையே பூவரசு, மேலே கிடுகோ பனையோலையோ வைத்து வரிந்து கட்டியிருக்கும். ஒழுங்கை வளவை விடத் தாழ்வு. ஐப்பசி கார்த்திகை மழையில் வளவுத் தண்ணீர் வேலிக்குக் கீழால் வடிந்து ஒழுங்கைக்கு வரும். மழை விடும் வரைக்கும் ஒழுங்கையே வாய்க்கால். அது தாழ்ந்த பக்கத்து வயலுக்கோ குளத்துக்கோ தண்ணீரைக் கொண்டுபோய் விட்டுவிடும். சனம் காலை நனைத்துக்கொண்டு போய் வந்தார்கள், வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை.

இன்று வேலி இருந்த இடத்தில் மதில். அத்திவாரம் போட்டு எழுப்பிய மதிலுக்குக் கீழால் தண்ணீர் போகாது. ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போட்டாயிற்று. பல இடங்களில் பழைய வீதியைத் தோண்டாமல் அதன்மேலேயே போட்டதால், வீதி இப்போது வளவை விட அரை அடி உயரம். வளவுத் தண்ணீர் வெளியே வர வழியில்லை, வீதித் தண்ணீர் கேற்றால் உள்ளே போகிறது. வசதி உள்ளவர் நாலு லோட் மண் பறித்து வளவை உயர்த்துகிறார். அவருடைய தண்ணீர் பக்கத்து வளவுக்குப் போகிறது. அவரும் உயர்த்துகிறார். இப்படியே போய், கடைசியில் வெள்ளம் நிற்பது மண் பறிக்கக் காசில்லாதவரின் முற்றத்தில். 2008 நவம்பரில் நிஷா புயலின்போதும் 2024 நவம்பர் வெள்ளத்தின்போதும் இடம்பெயர்ந்து பாடசாலைகளிலும் பொது மண்டபங்களிலும் இருந்தவர்கள் யார் என்று பார்த்தால் இது விளங்கும். 2024 வெள்ளத்துக்குப் பிறகு டிசம்பரில் எலிக்காய்ச்சல் வேறு வந்து உயிர்களைக் கொண்டுபோனது.

இதில் சபைக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். மதில் கட்டவும் வீடு கட்டவும் காணியைத் துண்டாடவும் அனுமதி கொடுப்பது சபை. உள்வீதியின் உயரத்தைத் தீர்மானிப்பது சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் போடும் மதிப்பீடு. வாய்க்காலைத் துப்புரவாக்குவதும் சபை. அதாவது வெள்ளத்தை உண்டாக்கிய ஒவ்வொரு முடிவும் ஒரு கட்டத்தில் சபையின் மேசைக்கு வந்துதான் போயிருக்கிறது. மதிலின் அடியில் பத்தடிக்கு ஒரு நீர்த்துளை விடவேண்டும், துண்டாடும் காணியின் வரைபடத்தில் வெள்ளம் வடியும் பாதையைக் காட்டவேண்டும், வீதியைப் புதுப்பிக்கும்போது பழைய மட்டத்துக்கு மேலே உயர்த்தக்கூடாது என்று நிபந்தனை போட அதிகக் காசு தேவையில்லை. வேட்பாளர் ஒருவர் தன் தாளில் “கொங்கிறீட் வீதி” என்பதற்குப் பதிலாக “வளவை விட உயராத வீதி” என்று எழுதினால் என் வாக்கு அவருக்கே.

இனி, வெள்ளத்தை எங்கே அனுப்புவது? மேடையில் சொல்லப்படுகிற வழக்கமான பதில் “கடலுக்கு”. இங்கேதான் நம் மண்ணைத் தெரிந்த பார்வை வேண்டும். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. வலிகாமத்தில் ஓடி அராலிப் பக்கம் கடல்நீரேரியில் விழும் வழுக்கையாறுகூட மாரியில் மட்டும் ஓடுவது. நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும் மழைத்தண்ணீர் இறங்கித் தேங்குகிறது. உவர்நீருக்கு மேல் மிதக்கும் அந்த நன்னீர்ப் படலந்தான் நம் கிணறுகள். வருட மழையில் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றோடு மூன்று மாதத்துக்குள் பெய்து முடிந்துவிடும். அந்த மூன்று மாதத் தண்ணீரை அகலமான வாய்க்கால் வெட்டி ஒரே மூச்சில் கடலுக்கு விட்டால், சித்திரையில் கிணறு உவராகும். ஆகவே வாய்க்கால் முதலில் குளத்துக்குப் போகவேண்டும். குளம் நிறைந்து வழிவதுதான் அடுத்த குளத்துக்கும் கடைசியில் கடலுக்கும் போகவேண்டும். குளம், கேணி, தரவை என்று முன்னோர் விட்டுவைத்த இடங்களெல்லாம் இந்தக் கணக்கில் அமைந்தவை.

மாநகர சபை 2021இல் ஆரியகுளத்தைப் புனரமைத்த பிறகு அது மாலையில் சனம் கூடும் இடமாகிவிட்டது. தங்கள் ஊர்க் குளத்துக்கும் நடைபாதை, இருக்கை, விளக்கு வேண்டும் என்று மற்ற ஊர்க்காரர் ஆசைப்படுவது நியாயமே. ஆனால் குளத்துக்கு முதலில் வேண்டியது தண்ணீர் வரும் வழி. வரத்து வாய்க்கால் யாருடைய மதிலுக்குக் கீழே போய்விட்டது, குளத்தின் எல்லை எங்கே, அந்தக் காணி யாருடையது என்று தெரியாமல் சுற்றிவரக் கல் பதித்தால், மாரியில் பக்கத்து வீடுகளில் தண்ணீர் நிற்கும், குளம் அரைவாசிதான் நிரம்பும். நம் குளங்களின் உரித்தும் ஒரே கையில் இல்லை. சில பிரதேச சபையுடையவை, சில கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு, சில கோயிலுடையவை, சில அரச காணி. வட்டாரத்தில் உள்ள குளங்கள் எத்தனை, ஒவ்வொன்றும் யாருடையது, எல்லை அளக்கப்பட்டிருக்கிறதா என்று ஒரு பட்டியலாவது கையில் இல்லாத வேட்பாளர், குளத்தைப் பற்றி இன்னும் யோசிக்கத் தொடங்கவில்லை என்றே நினைக்கிறேன்.

கிணற்றுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஒரு பரப்பு என்பது பத்துப் பேர்ச். இரண்டு பரப்புக் காணி சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 74 அடி. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே ஐம்பது அடி என்று ஊரில் சொல்லும் கணக்கை உங்கள் வளவுக்குள் எப்படியோ பிடித்துவிடலாம். ஆனால் உங்கள் மலக்குழி மதிலோரம் என்றால், மதிலுக்கு அந்தப் பக்கம் பத்தடியில் அயலவரின் கிணறு இருக்கும். சுண்ணாம்புக்கல்லில் அழுக்கு வடிந்து சுத்தமாக நேரமில்லை, வெடிப்பு வழியே ஓடிவிடும். தோட்டத்து உரமும் மலக்குழியும் சேர்ந்து கிணற்று நீரில் நைத்திரேற்றைக் கூட்டுவதையும், பல கிணறுகள் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டுவதையும் 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதி வருகிறார்கள். சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு விதிக்கப்பட்டது எல்லோருக்கும் தெரியும். மலக்குழி விடயம் அப்படிச் செய்தியாவதில்லை. ஒவ்வொரு கட்டட வரைபடத்திலும் அமைதியாக நடந்துகொண்டிருக்கிறது. வரைபடத்தை அங்கீகரிக்கும் சபை, அயல் வளவின் கிணற்றையும் வரைபடத்தில் காட்டச் சொல்லிக் கேட்கலாம். கேட்கும் இடங்களில் கட்டுபவர் முகம் சுளிப்பார், அவரும் வாக்காளர்தான். அதனால்தான் இந்த விடயம் துண்டுப்பிரசுரத்தில் வராது.

இனித் தேர்தல் முறைக்கு வருவோம். 2018 முதல் உள்ளூராட்சித் தேர்தல் கலப்பு முறையில் நடக்கிறது. உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரத்திலிருந்து, 40 வீதம் கட்சி பெற்ற மொத்த வாக்கின் விகிதப்படி மேலதிகப் பட்டியலிலிருந்து. வாக்காளர் போடுவது ஒரே ஒரு புள்ளடி. விருப்பு வாக்கு இல்லை. சபையில் நான்கிலொரு பங்கு பெண்களாக இருக்கவேண்டும் என்ற ஏற்பாடும் இதனோடு வந்தது. வட்டாரப் பட்டியலில் குறைந்தது பத்து வீதமும் மேலதிகப் பட்டியலில் அரைவாசியும் பெண்களின் பெயர் இருக்கவேண்டும். வட்டார முறையின் நன்மை பெரிது. உறுப்பினர் உங்கள் ஒழுங்கைக்காரர், கடையில் கண்டு கேட்கலாம். குறை என்னவென்றால், மழைத்தண்ணீர் போகும் பாதை மூன்று வட்டாரங்களைக் கடந்து, ஒரு பிரதான வீதியின் மதகுக்குள் நுழைந்து, சில இடங்களில் பக்கத்துச் சபையின் எல்லைக்குள்ளும் போய்விடும். மேல்வட்டாரத்துக்காரர் தன் வாய்க்காலை அகலமாக்கினால் கீழ்வட்டாரத்தில் வெள்ளம் கூடும். கீழ்வட்டாரத்துக்காரர் மதகைப் பெருப்பித்தாலும் மேலே மண் அடைத்திருந்தால் பயனில்லை. தன் வட்டாரத்துக்குள் மட்டும் கட்டி முடிக்கக்கூடியது வீதியும் விளக்கும்தான். ஆகவே எல்லோரும் வீதியையும் விளக்கையும் சொல்கிறார்கள்.

பாதீடும் இந்தப் போக்கையே வளர்க்கிறது. பல சபைகளில் மூலதனச் செலவுக்கு ஒதுக்கும் காசை உறுப்பினர்களுக்குச் சமமாகப் பங்கிட்டு, அவரவர் முன்மொழியும் வேலைகளுக்குக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. சண்டை வராமல் பாதீட்டை நிறைவேற்ற இது வசதி. எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாத தொங்கு சபைகளில், சபைத் தலைவரான தவிசாளருக்கு வேறு வழியும் குறைவு. பாதீடு இரண்டு தடவை தோற்றதால் 2020 டிசம்பரில் யாழ். மாநகர முதல்வர் இ. ஆனல்ட் பதவியிழந்ததை எல்லாத் தவிசாளர்களும் பார்த்துத்தான் இருக்கிறார்கள். ஆனால் இப்படிப் பங்குபோட்டால் ஒருவரின் பங்கில் ஒரு துண்டு வீதி போடலாம், இரண்டு கிலோமீற்றர் வாய்க்காலும் நாலு மதகும் கட்ட முடியாது. நான்கு வருட ஆயுளில் நான்கு பாதீடுகள். நான்கிலும் துண்டு துண்டாகப் போட்டுவிட்டு, அடுத்த தேர்தலில் “வெள்ளம் நிற்காத ஊர்” என்று திரும்பவும் அச்சடிப்பார்கள்.

மேலதிகப் பட்டியலில் வந்த உறுப்பினர்களை இந்த இடத்தில் யாரும் யோசிப்பதில்லை. “போனஸ் மெம்பர்” என்று சற்றுக் குறைத்துத்தான் கதைப்பார்கள், அதில் பெண்கள் அதிகம் என்பதால் இன்னும் குறைத்து. அவர்களுக்கு வட்டாரம் இல்லை என்பதே அவர்களின் பலம். பல வட்டாரங்களைக் கடக்கும் வாய்க்கால், குளங்களின் எல்லை, குப்பை முகாமைத்துவம் போன்ற வேலைகளை அவர்கள் கையில் எடுத்தால், எந்த வட்டாரத்துக்கும் பக்கம் சாயாமல் முழுப் பிரதேசத்துக்கும் கேட்க முடியும். மாரியில் வீட்டுக்குள் வரும் தண்ணீரை அள்ளுவதும் கோடையில் உவரில்லாத கிணறு தேடிக் குடத்தோடு போவதும் பெரும்பாலும் பெண்கள். அந்த அனுபவம் சபையில் பேசவேண்டும். கட்சிகள் பட்டியலை நிரப்புவதற்காக மட்டும் பெயர் கேட்டுப் போகாமல், இந்தப் பொறுப்பைச் சொல்லிக் கேட்டுப் போகலாம்.

காசு எங்கிருந்து வருகிறது என்பதையும் வாக்காளர் தெரிந்திருக்கவேண்டும். ஊழியர் சம்பளத்தில் பெரும்பகுதி மாகாணத்தின் கொடையில் ஓடுகிறது. சபையின் சொந்த வருமானம் ஆதன வரி, வியாபார உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை, கடை வாடகை, அப்புறம் காணி உறுதி எழுதும்போது கட்டும் முத்திரைத் தீர்வை. இந்த முத்திரைத் தீர்வை மாகாணத்துக்குப் போய், அங்கிருந்து சபைக்குத் திரும்பி வருகிறது. புறநகரில் காணி விலை ஏறிப் பரப்புப் பரப்பாகக் கைமாறுவதால் இது நல்ல வருமானம். யோசித்துப் பார்த்தால், தோட்டக் காணி துண்டாகும்போது ஊருக்கு வெள்ளமும் கூடுகிறது, அதைத் தீர்க்கும் காசும் அதே உறுதியோடு வருகிறது. அந்த வருமானத்தில் ஒரு பங்கை வடிகாலுக்கென்று ஒதுக்கி வைப்போம் என்று ஒரு வேட்பாளர் சொன்னால் அது நடைமுறைக்கு ஒத்த திட்டம். ஆதன வரியைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. பழைய மதிப்பீட்டில் அறவிடுவதால் மாடிக் கட்டடம் கட்டினவரும் ஓட்டு வீட்டுக்காரரும் பல இடங்களில் கிட்டத்தட்ட ஒரே அளவு கட்டுகிறார்கள். ஜனவரி 31க்கு முன் முழு வருட வரியையும் கட்டினால் பத்து வீதம் கழிவு உண்டு என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. வரி கட்டுகிறவர் கேள்வி கேட்பார். அதனாலேயே இந்தக் கதை மேடையில் வேண்டும்.

புலம்பெயர்ந்த உறவுகளின் காசு இன்னொரு பக்கம். கோயிலுக்கும் பாடசாலைக்கும் சனசமூக நிலையத்துக்கும் அள்ளிக் கொடுக்கிறார்கள், அந்தப் பாசத்துக்கு ஊர் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் கொடையாளரின் காசு அவரவர் பிறந்த ஒழுங்கைக்குத்தான் போகும். வாய்க்காலுக்குப் பெயர்ப்பலகை வைக்க முடியாது. அவர்கள் கொடுக்காத இடங்களுக்குச் சபையின் காசு போகவேண்டும்.

“எங்கள் கிராமம்” என்று ஒருமையில் சொல்வதிலும் ஒரு மறைப்பு இருக்கிறது. ஒரே ஊருக்குள் கோயிலடி வேறு, குடியேற்றம் வேறு, சுடலைக்குப் பக்கத்துக் குடியிருப்பு வேறு. கொங்கிறீட் எந்த வளைவில் நிற்கிறது, தெருவிளக்கு எந்தத் தூணோடு முடிகிறது என்று நடந்து பார்த்தால் சாதி எங்கே தொடங்குகிறது என்று பல ஊர்களில் தெரிந்துவிடும். தாழ்ந்த நிலம் பெரும்பாலும் தாழ்த்தப்பட்டவர்களின் கையில்தான் விடப்பட்டது. வெள்ளமும் அங்கேதான் போகிறது. 2017இல் புத்தூர் கலைமதி கிராமத்து மக்கள் குடியிருப்புக்கு நடுவே இருந்த மயானத்தை அகற்றச் சொல்லிப் பல நாட்கள் போராடினார்கள். மயானம் பிரதேச சபையின் அதிகாரத்துக்குள் வரும் விடயம். அவ்வளவு நேரடியான ஒரு வாழ்க்கைப் பிரச்சினையில் எத்தனை வேட்பாளர்கள் தெளிவாக ஒரு பக்கம் நின்று பேசினார்கள்? ஊரின் மேட்டுப் பகுதியில் கூட்டம் வைத்து, பள்ளப் பகுதியில் நோட்டீஸ் மட்டும் கொடுத்துவிட்டு வருகிறவரிடம் முழு ஊருக்குமான திட்டம் இருக்க முடியாது.

குப்பையைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. மாநகரக் குப்பை போகும் கல்லுண்டாயில் தீயும் புகையும் வரும்போதெல்லாம் சுற்றியுள்ள ஊர்கள் படும் பாடு எல்லோரும் அறிந்தது. அங்கே இன்னொரு மலையை வளர்க்காமல், உக்கும் குப்பையை வளவுக்குள்ளேயே உரமாக்கும் பழக்கம் புறநகரில் இன்னும் சாத்தியம், ஏனென்றால் வளவு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. தெருவிளக்குக்கு வேண்டியது எரியாததைத் திருத்த ஒரு தவணைக் கெடுவும் முறைப்பாட்டுப் புத்தகமும். கட்டாக்காலி மாடும் நாயும் அப்படித்தான். இவை ஒழுங்கான நிர்வாகத்தில் தீரும் விடயங்கள், இவற்றுக்குத் தொலைநோக்கு தேவையில்லை.

வேட்பாளர் வீட்டுக்கு வரும்போது என்ன கேட்பது? உங்கள் வட்டாரத்துத் தண்ணீர் எந்தக் குளத்துக்குப் போகிறது என்று கேளுங்கள். பக்கத்து வட்டாரத்து வேட்பாளரோடு, அவர் வேறு கட்சி என்றாலும், இதைப் பற்றிக் கதைத்தீர்களா என்று கேளுங்கள். உங்கள் பங்குக் காசை ஒரு வருடம் பொது வாய்க்காலுக்கு விட்டுக்கொடுப்பீர்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தயங்குகிறவரைப் பிழை சொல்ல மாட்டேன். அது உண்மையிலேயே கடினமான கேள்வி, தன் ஒழுங்கைக்காரருக்கு அவர் பதில் சொல்லவேண்டும். ஒழுங்கைக்காரராகிய நாமும் அந்த ஒரு வருடம் கொங்கிறீட் கேட்காமல் இருக்கச் சம்மதிக்கவேண்டும்.

தேர்தல் முடிந்த பிறகும் கையில் வழி இருக்கிறது. பிரதேச சபைச் சட்டத்தின்படி சபை அமைக்கும் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊரவர்களையும் சேர்த்துக்கொள்ள இடமுண்டு. ஓய்வுபெற்ற நில அளவையாளர், நீர்ப்பாசனத்தில் வேலை செய்த ஒருவர், குளத்தின் பழைய வரத்தை நினைவில் வைத்திருக்கும் ஒரு கமக்காரர் இல்லாத ஊரே யாழ்ப்பாணத்தில் இராது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலருக்கு எழுதினால், பதினான்கு வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்லியாகவேண்டும். உங்கள் ஒழுங்கைக்குப் போட்ட மதிப்பீட்டில் வீதி மட்டம் என்ன, வடிகால் சேர்க்கப்பட்டதா என்பதை அப்படிக் கேட்டு எடுக்கலாம். சனசமூக நிலையத்தின் பெயரில் கேட்டால் இன்னும் நல்லது.

அடுத்த வருடப் பாதீட்டை சபைகள் தயாரிக்கும் காலமும் பெருமழை தொடங்கும் காலமும் ஒன்றுதான். ஐப்பசியில் முதல் பெருமழை விழும் அன்று, தண்ணீர் நிற்கும் இடத்தையும் அடைபட்ட மதகையும் கைபேசியில் படமெடுத்து, வீதியின் பெயரையும் திகதியையும் எழுதி, மூன்று வட்டாரத்துக்காரரும் ஒரே கடிதத்தில் கையொப்பமிட்டுத் தவிசாளருக்குப் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். பிரதியை மூன்று வட்டார உறுப்பினர்களுக்கும் மேலதிகப் பட்டியல் உறுப்பினர்களுக்கும் கொடுங்கள்.